பின்கண்ணாடியில் எழுதியிருந்தது

ஊடகமாம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நகராமல் நின்றுவிட்ட சாம்பல் நிறக் காரின் பின்கண்ணாடியில், எழுத்துக்கு ஒரு சாண் உயரம் வைத்து, சிவப்பில் அப்படி ஒட்டியிருந்தது. அதற்கு நேர் பின்னால் நின்ற ஆட்டோவில், மடியில் துணிப்பையும் பையின்மேல் இரண்டு கைகளுமாக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் அந்தச் சொல்லை ஒருமுறை படித்தார், சினம் வந்தது, சினம் வந்ததனால் மறுபடியும் படித்தார். காரின் பின்னிருக்கையில் கூரை முட்ட முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. இத்தனை முட்டைகளும் எந்த நாளிதழில் பணியாற்றுகின்றன என்று இறங்கிப் போய்க் கேட்கலாம். கேட்டால், பெரியவரே, உம்ம வேலையப் பாரும் என்பான். அந்த விடையை அவராகவே கற்பனை செய்துகொண்டதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடறியது. இடறியதைக் குனிந்து பார்க்க விரும்பாமல் அடுத்த காருக்குக் கண்ணை மாற்றினார். அதில் வழக்கறிஞர் கழுத்துப் பட்டையின் படம். அதற்கப்பால் மருத்துவரின் சிவப்புக் கூட்டல் குறி. அதற்கும் அப்பால் ஒரு சீறும் சிங்கமும், அதன் கீழே ஆண்ட பரம்பரை என்ற அறிவிப்பும். ஆண்டவர்களின் வழித்தோன்றல் காலை ஒன்பதே முக்காலுக்கு வெயிலில் முட்டைக் காருக்குப் பக்கத்தில் வழி கிடைக்காமல் நிற்கிறான். அவனுக்கு வழிவிட ஒரு குடிமகனும் ஒதுங்கவில்லை. வீட்டு வாசலில் ஒருவன் தன்னை அறிமுகம் செய்துகொள்வதென்றால் முகம் பார்த்து, கை குவித்து, இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்பான். எதிரில் இருப்பவனும் தன்னைச் சொல்வான். இதுதான் பேச்சு. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவனுக்கு யார் மறுமொழி சொல்ல முடியும்? முறைக்காதே என்கிறான், இடைவெளி விடு என்கிறான், என் உழைப்பு, என் தந்தையின் பரிசு, என் குலசாமி என்கிறான். சொல்லிவிட்டு, நீ வாய் திறக்குமுன் பச்சை விளக்கில் போய்விடுகிறான். முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் தமிழாசிரியராக நின்றவர் ஆவுடையப்பன். கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களின் பக்கம் திரும்பாத ஒரு நாளும் அவருக்கு இருந்ததில்லை. எழுதியவன் திரும்பி நிற்கவேண்டும். ஐயம் கேட்டால் விடை சொல்லவேண்டும். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த துண்டுத்தாள் மார்பில் உறுத்தியது. ஆறு, மூன்று, ஒன்று, எட்டு.

“சார்வாள், பத்தரைக்குத்தான கோர்ட்டு? பாலத்துல ஒரு பக்கம் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான். எறங்கிட்டோம்னா அஞ்சு நிமிசம். பதறாதிய” என்றார் ஆட்டோக்காரர் பீர் மைதீன், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி. பதறாதிய. யார் பதறியது? ஆவுடையப்பன் பதறவில்லை. சாட்சி சொல்லப் போகிறவன் பதறக்கூடாது என்றுதான் நேற்றிரவு மோர் சாதத்தோடு நிறுத்தினார், இன்று காலை நரம்பு புடைக்கும்படியான காப்பியையும் தவிர்த்தார். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தது விழுந்தபடி நின்றது. அதே சொல்லை, இதே ஊர்ப்பேச்சில், வேறொரு குரலில், தாழ்வாக, தரையிலிருந்து அவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது இப்போது வேண்டாம். இப்போது வேண்டியது எண். ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. அப்படிச் சேர்த்துச் சொல்லவேண்டாம், ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்க, அப்பத்தான் நேர்ல பாத்த மாதிரி இருக்கும் என்று தலைமைக் காவலர் ஜெபராஜ் சொல்லியிருந்தார். நேரில் பார்த்த மாதிரி. மாதிரி என்ற சொல்லை எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார் அந்த மனிதர். முந்தாநாள் மாலை வீட்டுக்கு வந்தார், கூடத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பையன் பெங்களூரிலா என்று விசாரித்தார், நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதி நீட்டினார். “பொய் சொல்லச் சொல்லல சார்வாள். ஞாபகப்படுத்துதோம். வண்டி அதுதான். பட்டறையில முன்பக்கம் நசுங்கி நின்னத நானே பாத்தேன். பின்னால நீங்க சொன்ன அதே ஸ்டிக்கரு. ஓனரு பன்னி மேல மோதிட்டேங்கான். பன்னிக்கு வாழையெல எங்கிருந்து வந்துது? பம்பருக்கு அடியில எல நாரு இருந்துது சார்வாள். கோர்ட்டுக்கு ஒரு ஆளு பாத்தேன்னு சொல்லணும். ஒங்கள மாதிரி ஒரு வாத்தியாரு சொன்னா எதிர்க்கட்சி வக்கீலு என்ன கேட்டுருவான்?” ஆவுடையப்பன் தாளை வாங்கிக்கொண்டார். வாங்கிய கை தன் கைதானா என்று இரண்டு நாளாக அவருக்கு வியப்பாக இருக்கிறது. தேர்வுக்கூடங்களில் எத்தனை பயல்களின் காலுறைக்குள்ளிருந்து, அரைக்கைச் சட்டையின் மடிப்புக்குள்ளிருந்து, அளவுகோலின் அடியிலிருந்து எத்தனை பிட்டு எடுத்திருக்கிறார் அவர்! உன் அறிவு சொல்வதை எழுது, இல்லையென்றால் வெற்றுத் தாளைக் கொடு. வெற்றுத் தாளுக்கு நான் சுழியம்தான் போடுவேன், ஆனால் உன்னை மதிப்பேன். இப்படிச் சொன்ன வாய் இது. அதற்கு ஒரு சாண் கீழே, இடப்பக்கத்தில், பையில், பிட்டு.

முட்டைக் கார் இரண்டு முழம் நகர்ந்து நின்றது. முட்டை உடையக்கூடியது; கவனம் என்று ஒட்டியிருந்தால் ஊரே இடைவெளி விட்டிருக்கும், உண்மையாகவும் இருந்திருக்கும். உண்மையை ஒட்ட ஏன் ஒருவனுக்கும் மனம் வருவதில்லை? இந்தக் கார் மாதத் தவணையில் ஓடுகிறது என்று ஒருவனாவது ஒட்டியிருக்கிறானா? எனக்கு இடப்பக்கம் திரும்பும்போது அச்சம் என்று? நேற்று என் மனைவியோடு சண்டை, ஆகையால் என்னிடமிருந்து தள்ளி வருக என்று? இடப்பக்கத்துக் காரின் கண்ணாடியில் கைக்குழந்தை உள்ளே என்று மஞ்சள் அட்டை தொங்குகிறது. உள்ளே நான்கு தடித்த ஆண்கள் தேங்காய்ப் பன் தின்கிறார்கள். சரி, குழந்தை வீட்டில் இருக்கலாம். வளர்ந்திருக்கலாம். இந்த நால்வரில் ஒருவனாகவே இருக்கலாம். ஏறும்போது இந்த ஆட்டோவின் முதுகிலும் ஏதோ எழுதியிருந்ததே. ஆம், பிரசவத்திற்கு இலவசம். எல்லா ஆட்டோக்களும் எழுதி வைத்துக்கொள்கிற பெரிய மனத்துப் பொய். கேட்டுவிடுவது என்று தோன்றிற்று. முதுகுக்கு மறுமொழி சொல்ல முடியாதென்று இவ்வளவு நேரம் குமுறினாரே, இதோ, எழுதியவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். “ஏன் பாய், பின்னால் பிரசவத்திற்கு இலவசம் என்று எழுதியிருக்கிறீரே, என்றைக்காவது யாராவது அப்படி ஏறியதுண்டா?” என்றார். பீர் மைதீன் சிரித்தார். “ஒம்பது வருசத்துல மூணு பேரு சார்வாள். ஒரு பிள்ள இந்தப் பாலத்துலதான் தலையக் காட்டிச்சு, இப்ப மூணாங் கிளாசு. இன்னொருத்தன் இருக்கான் பாருங்க, பெரிய சட்டக்காரன். பொஞ்சாதியக் கொண்டு விட்டாச்சு, சரி. நாலு நாள் கழிச்சு போன் போடுதான். பாய், வீட்டுக்குத் திரும்ப வாறதும் இலவசந்தானங்கான்.” “நீர் என்ன சொன்னீர்?” “என்னத்தச் சொல்ல? பிரசவத்துக்குன்னுதான் எழுதியிருக்கு. போறதுக்கா வாறதுக்கான்னு எழுதல. எழுதாதது என் தப்பு. போயிக் கூட்டியாந்து விட்டேன். வாசல்ல அவன் மாமியா ஆரத்தி எடுக்கையில எனக்கும் சேத்து எடுத்துட்டா.” எழுதாதது என் தப்பு. ஆவுடையப்பன் வெளியே பார்த்தார். சினத்துக்கு வாகாக ஒரு பொய்யைப் பிடிக்கப் போய், மாறாக ஒன்று கையில் வந்துவிட்டதில் அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. எழுதியதற்கு நின்றிருக்கிறார் இந்த மனிதர், எழுதாததற்கும் நின்றிருக்கிறார்.

பாலத்தின் உச்சியில் காற்று வந்தது. காற்றில் ஈரத் தழையின் மணம். எங்கிருந்து? கீழே சந்தைக்குப் போகும் வண்டியாக இருக்கலாம். வாழையிலையின் மணம் என்று ஒன்று உண்டென்பது எட்டு மாதங்களுக்கு முன்னால்வரை அவருக்குத் தெரியாது. சோறு விழுந்த இலையின் மணம்தான் தெரியும். அறுத்த இலை, அதிலும் டயர் ஏறி நசுங்கிய இலை, பச்சையாக, உவர்ப்பாக, ஏறத்தாழ இரும்பைப்போல் மணக்கிறது. அல்லது அந்த இரும்பு வேறொன்றின் மணம். அன்று புறவழிச் சாலையில், பால் உறையும் செய்தித்தாளுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நன்றாக விடிந்துவிட்டது, எதிர்வீட்டுக் கோலத்தின் வண்ணம் தெரிகிற வெளிச்சம். சாலையைக் கடக்க நின்றார். பின்னால் பெரிய இலைக்கட்டோடு ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் ஓரமாகப் போனார். கட்டு அவரைவிட உயரமாக இருந்ததால் ஒரு சிறு பச்சைக் குன்று தானே நகர்வதுபோல் இருந்தது. வெள்ளைக் கார் வந்ததை ஆவுடையப்பன் பார்க்கவில்லை. ஓசையைத்தான் கேட்டார், தகர டப்பாவைச் சுவரில் எறிந்தாற்போல. திரும்பியபோது கார் அவருக்குப் பத்தடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நின்றது! இதை அவர் எத்தனை முறை நினைத்தாலும் அந்த நான்கு நொடி நீண்டுகொண்டே போகிறது. கார் ஓடிக்கொண்டே போயிருந்தால் அவருக்குப் பழி இல்லை. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் எரிய, அவருக்காகவே நிறுத்திவைத்த கரும்பலகைபோல, அது நின்றது. கண்ணாடியில் வெள்ளை எழுத்து. என்னைப் பார்க்காதே, உன் வேலையைப் பார். படித்தார். ஒருமுறை படித்து முடிக்க ஒரு நொடி போதும். ஆனால் அவருக்குச் சினம் மூண்டுவிட்டது. எவ்வளவு திமிர்! நடுச்சாலையில் நிறுத்திவிட்டு, நீ யாரடா என்னைப் பார்க்காதே என்று சொல்ல? சாலையில் போகிறவன் சாலையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பான்? உன்னைப் பார்ப்பதற்கு நீ என்ன காட்சிப் பொருளா? மனத்துக்குள் அவர் வரி வரியாக மறுமொழி கட்டிக்கொண்டிருந்தார். முதல் வாக்கியத்தைத் திருத்தி இரண்டாவதற்கு வந்திருந்தார். அப்போது விளக்கு அணைந்தது, கார் போய்விட்டது. அந்த எழுத்துக்கு ஒரு முழம் கீழே, கண்ணைச் சற்றே தாழ்த்தினால் தெரியும் இடத்தில், எண் பலகை இருந்தது. பத்து முறை படிக்கலாம். எழுதியெடுக்கலாம். அவர் கண் தாழவில்லை. வேறு யாராயிருந்தாலும், எழுத்தே அறியாத ஒருவராயிருந்தாலும்கூட, காரின் வடிவத்தையாவது, உள்ளே இருந்தவனின் தலையையாவது பார்த்திருப்பார். எழுத்தைக் கண்டால் நின்று படித்துச் சினம் கொள்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர்தாம் இப்படிப் பார்க்காமல் இருந்திருக்க முடியும். அந்த வாசகம் அவரை மிரட்டவில்லை. அவர் அதை எதிர்த்துக்கொண்டே அதற்குக் கீழ்ப்படிந்துவிட்டார். அதன் பிறகுதான் திரும்பி ஓடினார். அதன் பிறகுதான். இலைகள் சாலை முழுக்கக் கிடந்தன, சில வண்டிகள் அவற்றின்மேலேயே ஏறிப் போயின, அவர் மண்டியிட்டார், செய்தித்தாளை அந்த மனிதரின் தலைக்கு அடியில், வேண்டாம், ஆறு மூன்று ஒன்று எட்டு.

“சார்வாள் என்ன ஒருமாதிரி மூச்சு விடுதிய?” “ஒன்றுமில்லை, போம்.” இறக்கத்தில் வண்டிகள் மெல்ல உருளத் தொடங்கின. எட்டு மாதமாக அவர் கண்ணுக்கு இந்த ஊரில் கார்களே இல்லை, பின்கண்ணாடிகள்தாம். முதல் வாரத்தில் அந்த வாசகத்தைத் தேடித்தான் சந்திக்குச் சந்தி நின்றார். காவல் நிலையத்தில் அவர் சொன்ன ஒரே அடையாளம் அது. வெள்ளைக் கார், இன்ன வாசகம். எழுத்தர் எழுதிக்கொண்டார், நம்பரு என்றார், பார்க்கவில்லை என்றார் இவர், எழுத்தர் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் கூனிப்போய், கார் வேகமாகப் போய்விட்டது என்றார். நின்றதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வேகமாகப் போனதும் உண்மைதான். நின்று, பிறகு வேகமாகப் போனது. பாதி உண்மையை ஒட்டிக்கொண்டு, மீதியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், முட்டையை ஏற்றிக்கொண்டு ஊடகம் என்கிறவனைப்போல. மகன் பாலகுமார் தொலைபேசியில், “அப்பா, கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையறீங்க? பேசாம உங்க வேலையப் பாருங்க” என்றபோது அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பாலகுமாருக்குத் தெரியாது, தான் எந்தக் கண்ணாடியிலிருந்து படித்துச் சொல்கிறான் என்று. இப்போது பார்த்தால், அதோ ஒரு வெள்ளைக் கார். இல்லை, அதில் பிள்ளைகளின் பெயர்கள். அதற்கு முன்னால் இன்னொன்று, பேருந்து மறைக்கிறது, பேருந்து விலகுகிறது. என்னைப் பார்க்காதே. ஆவுடையப்பனின் முதுகு நிமிர்ந்தது. உன் வேலையைப் பார். அதே வெள்ளை எழுத்து, அதே சாய்வு, அதே வரியமைப்பு. “பாய், பாய், அந்தக் காரை விடாதீர்” என்றார். குரல் அவருடையதாக இல்லை. “எந்தக் காரு?” “அதோ, என்னைப் பார்க்காதே என்று…” “அதுவா? டவுன்ல எங்க போனாலும் அந்த ஸ்டிக்கருதான சார்வாள். ஆர்ச்சுக்குப் பக்கத்துக் கடையில கட்டுக் கட்டா தொங்கவிட்டிருக்கான். என் மச்சான் பைக்குல கூட ஒட்டியிருக்கான், மூதி. ஒன்ன யாருலே பாக்கப் போறான்னு கேட்டேன்.” இந்த முறை கண்ணைத் தாழ்த்தினார். பலகை தெரிந்தது. ஒன்பது, நான்கு, நான்கு, இரண்டு. வேறு எண். முன்பக்கம் நசுங்காத, கழுவித் துடைத்த, உள்ளே ஒரு பெண் குழந்தை சாளரத்தில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த வேறொரு கார். ஊரெல்லாம் ஒரே வாசகம். தன்னைத் தனித்துக் காட்டத்தான் ஒவ்வொருவனும் ஒட்டுகிறான். ஒட்டியதும் எல்லாருமே ஒருவனாகிவிடுகிறார்கள். பட்டறையில் நின்ற காரில் ஜெபராஜ் கண்டதும் இந்த ஊரெல்லாம் வாசகத்தைத்தான். இலை நார் இருந்தது என்கிறார். அது அவர் கண்டது, அதை அவர் சொல்லட்டும். ஒருவேளை அதுதான் அந்தக் கார். பெரும்பாலும் அதுதான். ஆனால் கூண்டில் நின்று ஒவ்வோர் இலக்கமாக ஆவுடையப்பன் உதிர்க்கப்போவது அவர் கண்ட எண் அன்று. நாட்காட்டித் தாளில் படித்த எண். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த ஆள், பன்றியில் மோதியவன், இன்று மாலையே அதே காரில் அதே எழுத்தோடு வீட்டுக்குப் போவான். பலவேசத்தின் மனைவி பேருந்தில் போவாள். பெயரை நினைத்துவிட்டார். பலவேசம். எட்டு மாதமாக அவர் மனத்துக்குள் இறந்துபோனவர், அந்த மனிதர், இலைக்காரர் என்றே சுற்றிச் சுற்றிப் போன பெயர். அழைப்பாணையில் அச்சாகியிருக்கிறது, படித்திருக்கிறார். படிக்காமல் விட்டது இந்த உலகத்தில் அவர் எதைத்தான்?

நீதிமன்ற வளாகத்துக்குள் ஆட்டோ நுழைந்தபோது பத்து இருபது. அங்கும் வரிசையாகக் கார்கள், வரிசையாக முதுகுகள், அவர் படிக்கவில்லை. படிக்காமல் ஒரு வரிசையைக் கடந்தது அவருக்கே விந்தையாக இருந்தது. பீர் மைதீன் வண்டியைத் திருப்பிக்கொண்டு, “நல்லபடியா சொல்லிட்டு வாங்க சார்வாள்” என்றார். நல்லபடியாக. வேப்பமரத்துக்குக் கீழே, தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஊதாச் சேலையில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பலவேசத்தின் மனைவி உலகம்மாள். முன்பு ஒருமுறை காவல் நிலைய வாசலில் பார்த்திருக்கிறார். அப்போது தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். இப்போது அவளே எதிரில் வந்தாள். கை குவித்தாள். முகத்துக்கு நேரே முகம். “வந்துட்டியளா சார். ஏட்டையா எல்லாம் சொன்னாவ. நம்பரு நல்லா ஞாவகம் இருக்குல்லா?” என்றாள்.

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். பிரிக்காமல், நான்காகக் கிழித்து, துணிப்பைக்குள் போட்டார். “நான் எண்ணைப் பார்க்கவில்லையம்மா” என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மறுபடியும் தூணைப் பிடித்துக்கொண்டாள். “பாக்கலையா? அந்த வண்டி நின்னுச்சே. நின்னுட்டுத்தான் போச்சுன்னு பால்காரரு சொன்னாரே. அவரு தொலைவுல நின்னாரு. நீங்க பக்கத்துல நின்னியளே.”

“நின்றது. நான்கு நொடி நின்றது. நான் அதன் கண்ணாடியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.”

“படிச்சிட்டிருந்தியளா” என்றாள் உலகம்மாள். குரலை உயர்த்தவில்லை. “எம் புருசன் ரோட்டுல கெடக்கையில.”

“ஆம்.”

“அப்ப எதுக்கு சார் வந்திய?”

எத்தனையோ விடைகளை இந்த எட்டு மாதத்தில் கட்டி வைத்திருந்தார். கண்பார்வை, வெளிச்சம், வயது. அவற்றில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. “பிறகு ஓடினேன். அவர் தலைக்கு என் செய்தித்தாளை வைத்தேன். அவருக்கு நினைவு இருந்தது. பேசினார்” என்றார். தாழ்வாரத்தில் ஒருவன் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு போனான், அவனுக்கு இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். “வீட்டுக்குச் சொல்லாதிய, அவ பதறிருவா என்றார். இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை உங்கள் பெயரைச் சொன்னார். உலகு பதறிருவா என்றார்.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்தபோது கண் நனைந்திருந்தது, ஆனால் அதிலிருந்த சினம் நனையவில்லை. “எட்டு மாசமா இத யாருட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எண்ணைத்தான் கேட்டார்கள்.”

“நான் கேக்கதுக்கு எங்க வரணும் சார்? ஒங்க வீட்டுக்கா? இந்தக் கெழமதான் ஒங்க பேரே எனக்குத் தெரியும். பேசாமலே போயிட்டாரு, கூப்பிட்டும் முழிக்கலன்னு டாக்டரு சொன்னாரு. வலியோட, தனியா, யாருமில்லாமப் போயிட்டாருன்னு தெனமும் ராத்திரி…” அவள் முடிக்கவில்லை. பிறகு வேறொரு குரலில், அவரிடம் அல்லாமல், “பதறாம பின்ன என்ன செய்வாவளாம்” என்றாள்.

மறுமொழி சொல்லக்கூடிய பேச்சு இது. முதுகைக் காட்டாத, ஓடிப்போகாத, எதிரிலேயே நிற்கிற பேச்சு. அதன் எதிரே அவர் நின்றுகொண்டிருந்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் எழுந்து நிற்கச் சொன்ன பயல்களெல்லாம் இப்படித்தான் நின்றிருப்பார்களோ என்று நினைத்தார். உள்ளிருந்து நீதிமன்ற ஏவலர் அவர் பெயரைக் கூவினார்; ஆவுடையப்பன், ஆவுடையப்பன், ஆவுடையப்பன் என்று மும்முறை, எல்லாச் சாட்சிகளையும் கூவுவதுபோல, வராதவனைக் கூவுவதுபோல. தூணுக்கு அப்பால் ஜெபராஜ் கையால் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். ஆவுடையப்பன் வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். உலகம்மாள் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

உறுதிமொழி சொன்னார். பெயர், வயது, தொழில் சொன்னார். எதிரில் மேசையருகில் உட்கார்ந்திருந்தவன் ஒருவனின் மேல் கண் போயிற்று. வெள்ளைச் சட்டை, நாற்பது வயது, கைக்குட்டையால் மீண்டும் மீண்டும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். இவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இவனுடைய முகத்தை அவர் இதற்குமுன் கண்டதில்லை, அதுவும் அவருடைய குற்றம்தான். அரசு வழக்கறிஞர் கட்டைப் புரட்டி, கார் மோதியதைப் பார்த்தீர்களா, எவ்வளவு தொலைவில் நின்றீர்கள் என்று கேட்டுவிட்டு, விடை கையில் இருக்கிறவருக்குரிய சலிப்போடு, “அந்தக் காரின் எண்ணைச் சொல்லுங்கள்” என்றார்.

“எண்ணை நான் பார்க்கவில்லை” என்றார் ஆவுடையப்பன். வழக்கறிஞரின் கை கட்டின்மேல் நின்றுவிட்டது. தலைமைக் காவலர் கூரையைப் பார்த்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, “பிறகு எதைத்தான் பார்த்தீர்கள்?” என்றார்.

“பார்த்ததைச் சொல்கிறேன் ஐயா. பார்க்காததையும் ஏன் பார்க்கவில்லை என்று சொல்கிறேன். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.” தட்டச்சரின் பக்கம் அவர் திரும்பி நின்றார். அந்தப் பெண் பொறியில் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துகிறபோது வருகிற குரல், எட்டு மாதமாக வராத குரல், அடிவயிற்றிலிருந்து நிதானமாக எழுந்து வந்தது. கார் மோதிய பின் நான்கு நொடி நின்றது, அதன் பின்கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது என்றார். அந்தப் பெண் அடித்து முடிக்கும்வரை நின்றார். கதவருகே நின்றவளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பார்க்காதே” என்றார், காற்புள்ளி போடுவதற்கு நேரம் கொடுத்தார். “உன் வேலையைப் பார்.”